சின்னராசுவை மன்னித்த கதை

சின்னராசுவைக் கொல்ல எனக்குத் தினமும் வாய்ப்பு இருந்தது. கத்தி வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். தோளிலிருந்து கழியை நழுவ விட்டால் போதும்.

பூஞ்சேரிப் பக்கம் ஒரு சிற்பப் பட்டறையில் எங்களுக்கு வேலை. சாமி சிலை, புத்தர் சிலை, ஓட்டல் வாசலில் நிற்க யானை என்று எல்லாம் செய்வார்கள். செதுக்குகிறவர்கள் வேறு. நாங்கள் கல் தூக்குகிறவர்கள். பெரிய கல்லைக் கிரேன் தூக்கும். கிரேன் நுழையாத சந்துக்கு நாங்கள். கல்லைக் கயிற்றில் கட்டி, கயிற்றுக்குள் கழியைச் செருகி, முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன் தோள் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே உயரமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குட்டையானவன் பக்கம் கல் சரிந்து அவன் முதுகு போய்விடும். பட்டறையில் என் உயரத்துக்கு இருந்த ஒரே ஆள் சின்னராசு.

பட்டறைக்குப் பின்னால் லாரி நிற்கும் இடத்துக்கு ஒரு சரிவு இறங்கும். சரிவில் அவன் முன்னால் போவான், நான் பின்னால். கல் அவன் இடுப்புக்குப் பின்னால் ஆடிக்கொண்டே வரும். நான் என் பக்கத்தை உயர்த்திக் கையை எடுத்தால் கயிறு அவன் பக்கம் சறுக்கும். கல் இடுப்பில் மோதும். அவன் ஜல்லியில் குப்புற விழுவான். கல் அவன் மேல் உட்காரும். இதை நினைக்காமல் நான் அந்தச் சரிவில் இறங்கியதே இல்லை. எலும்பு நொறுங்குகிற சத்தம் எப்படி இருக்கும் என்பது வரைக்கும் யோசித்திருந்தேன். கருங்கல் பிளக்கிற சத்தம் மாதிரி இருக்காது, பச்சைத் தென்னை மட்டையை மிதிக்கிற மாதிரி இருக்கும் என்று முடிவும் கட்டி வைத்திருந்தேன்.

காரணம் என் தம்பி பச்சையப்பனின் இடது கண்.

மூன்று வருஷம் முன்னால் எங்கள் ஊர் அம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றிய அன்று, கரகம் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைவது என்று தகராறு வந்தது. வாய்ப்பேச்சு கைகலப்பானது. பொழுது சாய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இருட்டுக்குள் பாட்டில் உடைகிற சத்தம் கேட்டது, அப்புறம் பச்சையின் அலறல். டார்ச் அடித்துப் பார்த்தபோது அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். விரல் சந்துகளில் ரத்தம் வழிந்தது. ரத்தத்தோடு வேறு ஒன்றும் வழிந்தது. அது கண்தான்.

“குத்தும்போது அவன் மூச்சு என் மூஞ்சில பட்டுச்சிண்ணா. சின்னராசுதான்” என்றான் பச்சை. வேறு யாரும் பார்க்கவில்லை. ஊர் கூடியது. சின்னராசு தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு வந்து, உள்ளங்கையில் சூடம் ஏற்றி, “என் கையால நடக்கல” என்று அம்மன் முன்னால் அடித்து அணைத்தான்.

எங்கள் ஊரில் சூடம் அணைத்தால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் எவனும் அந்த விஷயத்தை வாயில் எடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவனும் கை ஓங்கக் கூடாது. சத்தியம் பொய்யாக இருந்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள். சத்தியம் செய்தவனின் வம்சத்தில் கை வைப்பாள். ஊர் விலகிக்கொள்ளும்.

ஊர் விலகிக்கொண்டது. நான் எங்கே விலகுவது? காலையில் எழுந்தால் கழியின் மறுமுனையில் அவன். எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. பச்சைக்கு முன்பு அதே பட்டறையில் பாலிஷ் போடுகிற வேலை. ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகத் தெரியாமல் சக்கரத்தில் கையை விட்டான். அதோடு அந்த வேலை போனது. கடற்கரைக் கோயில் வண்டி நிறுத்துமிடத்தில் இளநீர் விற்க ஆரம்பித்தான். அங்கேயும் முதல் வாரமே விரல் நுனியைச் சீவிக்கொண்டான்.

நான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பேனாம். பக்கத்தில் படுக்க முடியவில்லை என்று என் மனைவி தேசம்மா பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தது.

அதைப் பிடுங்கத்தான் செங்கல்பட்டுக்குப் போனேன். பிடுங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பியிருந்தது. எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பது வயதுக்கு மேல்தான் என்பதால், எழுத்து கண்ணில் பட்டால் நின்றுவிடுவது என் வழக்கம். கடைக்காரர் பெயர் ஷேக் தாவூத். என் கன்னத்து வீக்கத்தைப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, பல்லா?”

வாய் நிறையப் பஞ்சு. தலையாட்டினேன்.

“நல்லது. பேச முடியாதவன்தான் ஒழுங்கா படிப்பான். இத்த எடுத்துக்கோ. கோடீஸ்வரன் ஆவறது எப்படின்னு போட்டுகீது. படிச்சவன் ஆனானான்னு கேக்காத. நான் ரெண்டு தபா படிச்சிட்டு இங்கதான் குந்திகினு கீறேன்.”

நான் அட்டை இல்லாத ஒன்றைக் காட்டினேன்.

“அதுவா? அது மனசு நிம்மதி. அட்டை கிழிஞ்சி போச்சு, எவனும் தொட மாட்றான். நிம்மதிக்கு அட்டை இன்னாத்துக்கு? எடுத்துகினு போ.”

அதனால் அந்தப் புத்தகத்தின் பெயர் இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. எழுதியவர் ஒரு டாக்டர் என்பது மட்டும் உள்ளே படித்ததில் தெரிந்தது. முதல் பக்கத்திலேயே கேள்வி கேட்டிருந்தார். காலையில் எதற்காக எழுந்திருக்கிறீர்கள், மனதில் வரும் முதல் பதிலை மறைக்காமல் சொல்லுங்கள் என்று. நான் மறைக்கவில்லை. சின்னராசு சாவதைப் பார்ப்பதற்கு என்று வந்தது. தேசம்மா வரவில்லை. மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்த மகள் வரவில்லை. தம்பி கூட வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க் காறித் துப்பினேன். இன்னும் ரத்தம் வந்தது.

ஆனால் விடவில்லை. ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆகும். படித்ததைச் செய்து பார்த்தேன். கெட்ட நினைப்பு வரும்போது அதோடு சண்டை போடாதே, ‘போகட்டும்’ என்று மனதுக்குள் சொல்லி மூச்சை விடு என்று இருந்தது. மூச்சு விடுவது எங்களுக்குப் புதிது இல்லை. சுமையோடு இறங்கும்போது அடிக்கு ஒரு மூச்சு விட்டுத்தான் இறங்குவோம். அந்த மூச்சோடு ‘போகட்டும்’ என்பதைச் சேர்த்துக்கொண்டேன். கல் முன்னால் ஆடும். போகட்டும். அவன் பிடரி தெரியும். போகட்டும்.

மழைக்காலம் முடிவதற்குள் வித்தியாசம் தெரிந்தது. பல் கடிப்பது நின்றது என்று தேசம்மா பாயைக் கிட்டே இழுத்துப் போட்டாள். வாளைக் கருவாட்டுக் குழம்பு நாக்கில் உறைத்தது. இத்தனை நாள் எதைத் தின்றேன் என்று ஆச்சரியமாக இருந்தது. சரிவில் இறங்கும்போது அவன் பிடரியைப் பார்ப்பேன். சுருக்கம் விழுந்து, நரை ஏறி, வியர்வை உப்புப் பூத்த ஒரு கிழடு தட்டுகிற ஆளின் பிடரி. அவ்வளவுதான். நொறுங்குகிற சத்தம் காதில் கேட்கவில்லை. இந்த நிம்மதியை இனி எவனுக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு அது எனக்கு ருசித்தது.

கடைசி அத்தியாயத்தை மாசி மாதம் முடித்தேன். மன்னிப்பை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அது பாதிதான், அந்த மனிதரிடம் நேரில் போய், கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள், சுமை இரண்டு பேர் தோளிலிருந்தும் இறங்கும் என்று எழுதியிருந்தது. தோள் என்று படித்ததும் எனக்காகவே எழுதியது போல இருந்தது.

மறுநாள் காலை டீ நேரம். சீனு மேஸ்திரி தூக்குவாளியில் டீ கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். சின்னராசு பாதி செதுக்கிய யானையின் மேல் சாய்ந்து குடித்துக்கொண்டிருந்தான்.

“சின்னராசு” என்றேன்.

கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன் கூட நிறுத்திவிட்டான். மூன்று வருஷத்தில் நான் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“யோவ் எட்டியப்பா, இன்னாயா? காலையிலயே வெயில் ஏறிடுச்சா?” என்றார் சீனு.

நான் யானைக்குக் கிட்டே போய் நின்றேன். “உன்ன நான் மன்னிச்சிட்டேன் சின்னராசு. என் தம்பி கண்ணு விசயத்துல. மனசுல ஒண்ணும் கெடையாது. நீ நல்லா இரு.”

அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான். “எதுக்கு?” என்றான்.

“இன்னா எதுக்கு?”

“எதுக்கு மன்னிச்சே? நான் இன்னா பண்ணேன்னு மன்னிச்சே? சொல்லு. இத்தினி பேர் முன்னால சொல்லு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் பார்வை மங்கலான ஒருவனுக்கு மருந்து போட்ட மாதிரி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அவன் சூடம் அணைத்தவன். தான் செய்யவில்லை என்று அம்மன் முன்னால் சொன்னவன். செய்யாதவனை எப்படி மன்னிப்பது? மன்னித்தேன் என்றால் நீதான் செய்தாய் என்று அர்த்தம். பொய்ச் சத்தியம் செய்தாய் என்று அர்த்தம். புத்தகம் எழுதிய டாக்டருக்கு எங்கள் ஊர்ச் சூடம் தெரியாது. எனக்குத் தெரியும். நிம்மதியில் மறந்திருந்தேன்.

“டேய், அவன் ஏதோ நல்லத நெனச்சிகினு—” என்று சீனு குறுக்கே வந்தார்.

“நல்லதா? என் பொண்ணு நெற மாசமா வூட்ல படுத்துகினு கீது மேஸ்திரி! இன்னிக்கோ நாளிக்கோன்னு கீது! இந்த நாயி வந்து என் சத்தியத்தப் பொய்யின்றான்! வவுத்துல கீற புள்ளைக்கி ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா?”

சொல்லி முடிப்பதற்குள் கைச்சுத்தி அவன் கைக்கு வந்துவிட்டது. முதல் அடியை நான் பார்க்கவே இல்லை. என் இடது கை யானையின் முதுகில் ஊன்றியிருந்தது. சுத்தி அதன் மேல் இறங்கியது. கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு விரல் சப்பையாக நசுங்கின. வலி வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. இரண்டாவது அடி தாடையில் விழுந்தது. பல் பிடுங்கின அதே பக்கம். வாய்க்குள் உப்பும் இரும்பும் கலந்து பொங்கின.

அப்புறம் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். விழவில்லை. மிச்சமிருந்த கையால் அவன் தொண்டையைப் பிடித்து யானையின் காலில் அவன் தலையை மோதினேன். மறுபடி மோதினேன். அவன் நாக்கு வெளியே வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ‘போகட்டும், போகட்டும்’ என்று அனுப்பியதெல்லாம் எங்கேயும் போகவில்லை, பக்கத்துச் சந்தில்தான் நின்றிருந்தது போல, கூப்பிட்டதும் ஓடி வந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் என் விரல்களைப் பிரித்தார்கள்.

சீனு என்னைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட வைத்து வீட்டில் விட்டார். விஷயம் கேள்விப்பட்டு, மத்தியானம் திரும்புவதற்குள் பச்சை வந்துவிட்டான். மொபெட்டின் முன்பக்கத்தில் சாக்கில் சுற்றிய இளநீர் வெட்டும் கத்தி இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“யாரு கண்ணு போச்சிண்ணா?”

வீங்கிய தாடையைத் தொட்டுக் காட்டினேன்.

“கேக்கறன்ல? யாரு கண்ணு போச்சி? உனக்கு ரெண்டும் நல்லாத்தான கீது? என் கண்ணுக்கு நீ எப்புட்றா மன்னிப்பு குடுப்பே? உன்ன எவன் கேட்டான்? தானம் குடுக்கறதுக்கு என் கண்ணு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?”

“உங்கப்பனும் அவரு அப்பனும் ஒண்ணுதான் பச்ச” என்றாள் தேசம்மா அடுப்பங்கரையிலிருந்து. “சும்மா இரு. படிக்காத வரிக்கும் பல்லுதான் போச்சி. படிச்சப்பறம் வெரலே போச்சி இந்த மனுசனுக்கு.”

“எங்க அந்த புக்கு? அவன் இன்னா எழுதிகீறான்? படி.”

நான் கடைசி அத்தியாயத்தைத் திறந்து, வீங்கிய வாயோடு, தடவித் தடவிப் படித்தேன். அவன் சுவரில் சாய்ந்து முழுசாகக் கேட்டான்.

“எழுதனவனுக்கு ரெண்டு கண்ணும் கீதா?”

“டாக்டரு அவரு.”

“நான் அத்தக் கேக்கல.”

அப்புறம் அவன் குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. “மூணு வருசமா நான் ஏன் அவன ஒண்ணும் பண்ணல தெரியுமா? பயந்தா? சூடம் அணைச்சிட்டான். ஊர் கட்டு. பேசக் கூடாது, கை ஓங்கக் கூடாது. அந்தக் கட்டத் தாண்டக் கூடாதுன்னுதான் வெந்துகினு இருந்தேன். இன்னிக்கி நீ வாயத் தொறந்து பேசிட்ட. அவன் உன்ன அடிச்சிட்டான். கட்டு அறுந்து போச்சி. உங்க ரெண்டு பேருக்கும் இல்லாத கட்டு எனக்கு மட்டும் எதுக்கு?”

எழுந்து போனான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. தேசம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். “போய் புடிய்யா! புக்க வெச்சிட்டுப் போய் புடி!”

வண்டி ரோட்டைச் சுற்றிப் போக வேண்டும். பட்டறைக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு வழியாகக் குறுக்குப் பாதை இருக்கிறது. ஓடினேன். ஓடும்போது கட்டுப் போட்ட கை ஒவ்வொரு அடிக்கும் உச்சந்தலை வரைக்கும் குத்தியது. காலையில் சண்டை ஆனதால் சின்னராசுவைத் தனியாக லாரிப் பக்கம் கயிறு கட்டுகிற வேலைக்குப் போடுவார் சீனு, அவர் வழக்கம் எனக்குத் தெரியும். அவன் தனியாக இருப்பான். பச்சை கேட்டால் எவனாவது கையைக் காட்டிவிடுவான். நான் நினைத்தது அவ்வளவுதான். பச்சை ஒரு கொலைகாரனாகத் திரும்பி வரக் கூடாது. அதற்குக் காரணம் நான் வாங்கிவந்த நிம்மதியாக இருக்கக் கூடாது.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் வெட்டு விழுந்துவிட்டது.

சின்னராசு ஜல்லியில் மல்லாந்து கிடந்தான். பச்சை அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றியிருந்தான். கழுத்துக்கு ஓங்கியது வலது தோளில் இறங்கியிருந்தது. கல் தூக்கித் தூக்கிக் காய்த்து, கால் பாதம் மாதிரி தடித்திருந்த தோல் வாய் பிளந்து கிடந்தது. ரத்தம் ஜல்லிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சீனுவும் செதுக்குகிற ஆட்களும் தூரத்தில் நின்றார்கள். கத்தியை வீசிக் காட்டினான் போல, எவனும் கிட்டே வரவில்லை. பச்சை அழுதுகொண்டிருந்தான். ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்தது.

“அண்ணா, வந்துட்டியா? அவன் தலையப் புடி. எனக்கு எடம் சரியா தெரிய மாட்டேங்குது. ரெண்டு தபா தப்பிடுச்சி. புடிச்சிக்கோ, ஒரே போடு.”

நான் மண்டியிட்டேன். சின்னராசுவின் தலைமயிரைப் பிடித்தேன். பொய் சொல்லவில்லை, அழுத்தித்தான் பிடித்தேன். மூன்று வருஷமாக நான் கேட்டது என் கைக்குள் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். உதடு காய்ந்திருந்தது.

“இருட்டுடா” என்றான். “எவன் கையில இன்னா இருந்துச்சின்னு எவனுக்குடா தெரியும்... இருட்டு...”

‘போகட்டும்’ என்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. கோபம் ஒரு துளி குறையாமல் அப்படியே இருந்தது. புத்தகத்தில் படித்த ஒரு வரியும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பச்சை கத்தியை ஓங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பிடித்த மயிரோடு அந்தத் தலையை என் மடிக்குள் இழுத்து, வலது கையைக் குறுக்கே கொடுத்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கத்தி என் முன்கையில் இறங்கி எலும்பில் நின்றது.

பச்சை அலறினான், வெட்டுப்பட்டது அவன்தான் என்பது போல. கத்தியை இழுக்கப் பார்த்தான். நான் அதன் பிடியோடு அவன் மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்தேன், நசுங்கிப் போன இடது கையால். கட்டு முழுக்கச் சிவந்தது.

“வுடு! வுட்றா! இன்னமும் அவனுக்குத்தான் பரிஞ்சிகினு வர்றியா? இன்னமும் மன்னிக்கிறியா?”

“இல்ல.”

“இன்னா இல்ல?”

“மன்னிக்கல. காலையில சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். அது தப்பு. மன்னிக்கிறதுக்கு நான் ஆளு இல்ல. அது உன் கண்ணு, நீயே வெச்சிக்கோ. மன்னிச்சாலும் மன்னிக்காட்டியும் உன் இஷ்டம். நான் கேக்க மாட்டேன். எவனும் கேக்க மாட்டான்.”

மூச்சு வாங்கியது. குனிந்து மடியில் கிடந்தவனிடம் சொன்னேன். “உனக்கும்தான் சொல்றேன். நீ பண்ணலன்னு சூடம் அணைச்சே. அது உனக்கும் அம்மனுக்கும். நான் நடுவுல இல்ல. உன்ன நான் மன்னிக்கல. காது கேக்குதா? மன்னிக்கல. உன் சத்தியம் அப்பிடியே கீது. உன் பொண்ணு நல்லபடியா பெத்துக்கட்டும்.”

சின்னராசு கண்ணை மூடிக்கொண்டான். உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி வந்தது. செத்துவிட்டானோ என்று பயந்துவிட்டேன். மூச்சு இருந்தது.

“அப்ப ஏன் வெட்ட வுட மாட்ற?” என்றான் பச்சை. குரலில் பழைய வேகம் இல்லை.

“வெட்னா உள்ள வெப்பான். உன்ன பாக்க மாசா மாசம் நான் பஸ் ஏறி வரணும். என்னால முடியாதுடா, மூட்டு வலிக்குது.”

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். “மன்னிக்கல இல்ல?”

“மன்னிக்கல.”

“சத்தியமா?”

“சத்தியம் எல்லாம் வேணாண்டா. அதுல பட்டது போதும்.”

பச்சையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம். கத்தியை விட்டான். சின்னராசுவின் முகத்தில் ஒரு தடவை துப்பிவிட்டு, தள்ளிப் போய் லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்தான். அதன் பிறகுதான் சீனுவும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். சீனு தோளில் கிடந்த துண்டை இரண்டாகக் கிழித்து, பாதியை எனக்கும் பாதியை அவனுக்கும் இறுக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே எங்கள் மூன்று பேரின் ஆத்தாளையும் வரிசையாகத் திட்டினார்.

செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் கேட்டபோது, கல் அறுக்கிற மெஷினில் பிளேடு உடைந்து பறந்தது என்று சின்னராசுதான் முதலில் சொன்னான். நானும் அதையே சொன்னேன். போலீஸ் வந்தால் கண் கதை மறுபடி எழும். அது அவனுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம்.

பங்குனி பிறந்ததும் அவன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அப்போது சின்னராசுவின் சத்தியம் உண்மைதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பச்சையிடம் யாரோ இதைச் சொல்லியிருக்கிறார்கள். “அம்மனுக்கும் அன்னிக்கி கரண்ட் இல்ல போல” என்று சொல்லிவிட்டுக் காயைச் சீவினானாம்.

என் இரண்டு விரல் மடங்காது. இருந்தாலும் கழி தோளில்தானே. வைகாசியில் வேலைக்குத் திரும்பினேன். அவனும் திரும்பினான். இருவருமே பழைய தோளை விட்டு மற்றத் தோளுக்கு மாறியிருக்கிறோம். பேச்சு இல்லை. சரிவில் இறங்கும்போது அந்தப் பழைய நினைப்பு இப்போதும் வருகிறது. போகச் சொல்வதில்லை. வந்தால் வரட்டும், கூட நடக்கட்டும், லாரி வரைக்கும் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். கல் இறங்கினதும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வான். நானும் நிமிர்வேன். இன்றைக்கும் ஒருத்தன் செத்துப்போகாமல் இறக்கியாயிற்று என்று தோன்றும். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும். பல்லும் கடிப்பதில்லை. டாக்டர் எழுதிய நிம்மதி இது இல்லை. என்னிடம் இருப்பது இதுதான்.

புத்தகம் என்னிடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சை வந்து, “அந்தக் கடைசி பாடத்தக் கிழிச்சிட்டு மீதியக் குடு” என்றான். நான் கிழித்துக் கொடுத்தேன். அவன் எட்டாவது வரைக்கும் படித்தவன், என்னை மாதிரித் தடவ வேண்டியதில்லை. இருந்தாலும் மெதுவாகத்தான் படிக்கிறான். போன வாரம் கடற்கரைப் பக்கம் போனபோது பார்த்தேன். இளநீர் வண்டி நிழலில் உட்கார்ந்து, நல்ல கண் பக்கம் புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். டூரிஸ்ட் ஒருவர் காய் கேட்டு நின்றார். இவன் நிமிரவில்லை.

“எத்தினியாவது பக்கம்?” என்றேன்.

“மொதப் பக்கம்தான்.”

“ஒரு மாசமாவா?”

“காலையில எதுக்கு எழுந்துக்கறேன்னு கேள்வி கேட்டு வெச்சிகீறான்ல. பதில் வர வேணாமா?” என்றான். பின்பு என்னை ஏற இறங்கப் பார்த்தான். “அடுத்த பக்கத்துல இன்னா கீதுன்னு சொல்லித் தொலைக்காத. நானே படிச்சிக்கறேன்.”